குழாயைத் திறந்துவிட்டு

ஒதெசாவில் ஐந்து பனிக்காலம்
கப்பல் எந்திரம் படித்தேன்.
திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு கப்பல் இல்லை.
இரண்டு வருடத்தில் படித்த நாடும் இல்லை.
இப்போது ஐம்பத்தெட்டு வயதில்
உவர்மலைக் கந்தோர் ஒன்றில்
ரஷ்யக் கோப்புகளைச் சரிபார்க்கிறேன்.
எங்கோ ஒருவரின் கைபேசி
'மன்னிக்கவும், மீண்டும் முயல்க' என்று
இலக்கணப் பிழையில்லாமல் சொன்னால்
அதற்குப் பொறுப்பு நான்.

யன்னலுக்குக் கீழே உள்துறைமுகம்.
கறுப்புத் தண்ணீர், ஒரு சீமெந்துக் கப்பல்,
அப்பால் சீனன்குடா.
வாசலில் மான் ஒன்று நின்று
காவலாளியின் சாப்பாட்டுப் பொதியைப் பார்க்கும்.

முதல் நாளே சொன்னார்கள்:
'இங்கே பெரியவர் சிறியவர் இல்லை, அன்ரி,
நாங்கள் ஒரு குடும்பம்.'
அங்கே 'தோழர்' என்பார்கள்.
அங்கே ஐந்தாண்டுத் திட்டம், இங்கே மூன்று மாதம்.
இரண்டிலும் இலக்கைத் தாண்டித்தான் முடிப்போம்,
எதைத் தாண்டினோம் என்பது
பிறகு தெரியவரும்.

வெள்ளி நாலு மணிக்கு வட்டமாய் நின்று
அவரவர் பிழையை அவரவரே சொல்லவேண்டும்.
கபிலாஷ் சொன்னான்:
'என்னிடம் போதிய பசி இல்லை.'
மத்தியானம் மூன்று பேருடைய கொத்துரொட்டியை
வழித்துத் தின்ற பிள்ளை.

ஒன்றும் ஒன்றும் சமன் என்று
நான் சொல்ல வரவில்லை.
வலேரியை அங்கே இரவில் காரில் ஏற்றினார்கள்,
காலையில் சுவர்ப் பத்திரிகையில்
அவன் முகம் இருந்த இடத்தில்
பிளேடால் வெட்டிய சதுரம்,
சதுரத்துக்குள் சுண்ணாம்பு.
இங்கே கூடிப்போனால் ஒரு மின்னஞ்சல்.
வான் சத்தம் கேட்டு விளக்கணைத்த ஊர் இது,
எது எது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் திங்கட்கிழமை
றிஸ்மினாவின் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
புதன்கிழமை,
நிலாவெளியில் எல்லோரும் நனைந்து நின்ற படம்
புதிதாய் அச்சாகிச் சுவருக்கு வந்தது.
வெட்டிய ஓரத்தில்
துலாஞ்சனியின் தோள்மேல்
நாலு விரல் மட்டும் மிச்சம்.

'றிஸ்மினா தன் அடுத்த பயணத்தைத்
தொடங்கியிருக்கிறா' என்றார் மேலாளர்.
மூதூருக்கு, கடைசி பஸ்ஸில்.
அதை அவர் சொல்லவில்லை.
கை தட்டினோம்.
நானும்தான். எண்பத்தேழிலும் தட்டியிருக்கிறேன்,
பழகிய கை.

ஒன்று மட்டும் வித்தியாசம்.
அங்கே தட்டி முடித்ததும் குசினிக்குப் போவோம்.
குழாயை முழுதாய்த் திறந்துவிட்டு
அந்த இரைச்சலுக்கு அடியில் சிரிப்போம்.
ஒருவரும் நம்பவில்லை என்பது
ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது.
இங்கே இந்தப் பிள்ளைகள்
நம்பிவிட்டார்களோ என்றுதான்
எனக்குப் பயம்.

பிளேன்டி ஊற்ற வந்த கபிலாஷிடம்
குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னேன்:
'இம்முறை வெங்காயம் இலக்கைத் தாண்டி விளைந்ததாம்.
எங்கே? பேப்பரில்.
பேப்பரை எடுத்து நறுக்கினேன்,
உண்மைதான், கண்ணீர் வந்தது.'

அவன் சிரிக்கவில்லை.
'தண்ணி வீணாப் போகுது, அன்ரி'
என்று குழாயை மூடினான்.
கோப்பையைக் கழுவாமலே போனான்.

வெள்ளி, நாலரை மணி.
வட்டம் கலைந்துவிட்டது.
தேநீர் அறைக் கதவு சாத்தியிருக்கிறது.
உள்ளே குழாய் ஓடுகிறது,
வெகுநேரமாய்,
ஒரு கோப்பைக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.
இரைச்சலுக்குள் கபிலாஷின் குரல்,
பிறகு துலாஞ்சனி,
பிறகு மூக்கால் அடக்கிய ஒரு சிரிப்பு.

நான் உள்ளே போகவில்லை.
மேலாளர் வருகிறாரா என்று
படிக்கட்டைப் பார்த்தபடி
வெளியே நின்றேன்.