பெட்டி எடை கழித்து

ட்ரோம்ஸோ மருத்துவமனையில் கொடுத்தது
நீல அட்டைப் புத்தகம். அறுபத்திரண்டு பக்கம், கூடவே ஒரு பென்சில்.
"மனநல ஆலோசகருக்கு வரிசை நீளம், ஓட்லௌக்.
அதுவரைக்கும் நீங்களே செய்துபாருங்கள்" என்றாள் நர்ஸ்.
விமானத்தில் அதன்மேல் காபியைச் சிந்தினேன்.
வார்டோவில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி,
நல்ல இருட்டு.

இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் மீன் எடை போட்டவள் நான்.
படகுக்காரன் சொல்வது ஒன்று, தராசு சொல்வது இன்னொன்று;
தராசு சொன்னதைத்தான் எழுதுவேன்.
இப்போது மருந்து, குளிரையெல்லாம் ஊசியாக்கி விரலில் ஏற்றிவிட்டது.
ஃபிரிட்ஜைத் திறக்கவே கம்பளிக் கையுறை.
ஐஸில் கிடக்கும் காட் மீனைத் தொட முடியாதவளுக்கு
எடைமேடையில் என்ன வேலை?
இதைப் பதினோராம் பக்கத்தில் எழுதினேன்.
புத்தகம் பதில் சொல்லவில்லை.
கீழே நான்கு கோடு மட்டும் விட்டிருந்தது.

முதல் பயிற்சி மூச்சு.
கண்ணை மூடி, வெதுவெதுப்பான கடற்கரையை நினைக்க வேண்டுமாம்.
எனக்குத் தெரிந்த கடற்கரையில் நண்டுக்கூண்டும் துருவும்தான்.
அடித்துவிட்டு எழுதினேன்:
எடை அறை, சனிக்கிழமை, யாருமில்லை,
ஹீட்டர் முனகுகிறது, முள் பூஜ்யத்தில்.
மூச்சு தானாக இறங்கியது.

நன்றி சொல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடச் சொன்ன பக்கத்தை
கிழித்து அடுப்பில் போட்டேன்.
எரிந்த பிறகுதான் தெரிந்தது,
அதன் பின்பக்கம் தூக்கத்துக்கான பயிற்சி.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது பெரிய வேடிக்கை.
நாளைக்குப் பதினைந்து நிமிடம்.
மற்ற நேரத்தில் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.
இரவு இரண்டுக்கு, வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தது.
நாளை நாலேகால், என்றேன்.
போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன் மாதிரி.
மூன்றாவது வாரம் கொஞ்சம் முனகிவிட்டுப் போயிற்று.
நான்காவது வாரம் மறுபடி போகவில்லை.

நாலேகாலுக்கு அலைதடுப்புச் சுவரோரம் காரை நிறுத்துவேன்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைப்பேன்.
ஸ்கேன். ஈரல். பூனை யாரிடம். வீட்டுக் கடன்.
வலித்துச் சாவேனா, தூங்கிச் சாவேனா.
வாய்விட்டுச் சொன்னதும் கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஒருநாள் ஜன்னலைத் தட்டினான் ஈலர்ட்,
நண்டுப் படகுக்காரன், இருபது வருடமாக எடைக்காக என்னோடு சண்டை.
"வண்டி நின்னுபோச்சா?"
"இல்லை. கவலைப்பட்டுக்கொண்டு இருக்கேன். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."
சுற்றி வந்தான். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.
உடம்பெல்லாம் டீசல் வாடை.
எதுவும் கேட்கவில்லை.
சுவருக்கு மேல் அலை ஏறி, விழுந்தது.
மணி அடித்தது.
"நாளைக்கும் உண்டா?"
"தினமும்."
தலையாட்டிவிட்டு இறங்கினான். மறுநாள் வரவில்லை.
அதற்கு மறுநாள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தான்.

'மனம்விட்டுப் பேசக்கூடிய மூவர்' என்ற பக்கத்தில்
தங்கையின் பெயரை எழுதி அழித்த தடம்.
அதன்மேலேயே ஈலர்ட் என்று எழுதினேன்.
பேசவில்லைதான்.
மற்ற இரண்டு கோடும் காலி.

இன்று ஐம்பதாம் பக்கம்.
உங்கள் பயத்துக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் கொடுங்கள்.
எட்டு என்று எழுதிக் கை நின்றது.
பெட்டியோடு வைத்தால் பெட்டியும் சேர்ந்துதானே நிறுக்கும்?
நவம்பர் இருட்டுக்கு ஒன்று கழி: அது நோய்க்கு முன்பே இருந்தது.
தூங்காத ராத்திரிக்கு ஒன்று.
அம்மா செத்த விதம், அது அவள் கணக்கு,
என் தட்டில் ஏன்? ஒன்று.
மிச்சம் ஐந்து.
நாலு என்று எழுத ஆசையாக இருந்தது.
பென்சிலை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன், பூனையைப் பார்த்தேன்.

ஐந்து என்றே எழுதினேன்.
ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன்,
வேலையில் போடுவதுபோல.