கயிறு உள்ள வண்டி

சான் சௌ லின் பட்டறைத் தெரு.
சனிக்கிழமை பதினொரு மணி வெயில்
கூரைத் தகரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
நாலு வண்டிகளை வெளியே தள்ளி
வரிசையாக நிறுத்தியிருக்கிறான் தவுக்கே லியூ.
நாலுக்கும் நாலு சக்கரம்.
எனக்குத் தெரிந்த வித்தியாசம் நிறம் மட்டும்.

பத்துமலை சிவப்பு வண்டியைச் சுற்றி வருகிறார்,
பெண் பார்க்க வந்த வீட்டில்
பலகாரத்தையே பார்ப்பவர் மாதிரி.
எழுநூறு சிசியாம்.
சவரிமுத்து குனிந்து
வண்டி வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சாண் போடுகிறார்.
என் வீட்டுக்காரர் தெய்வீகன்
முன்பக்க வின்ச்சைத் தடவிக்கொண்டு நிற்கிறார்,
வலது காலில் பாரம் வைக்காமல்.

அந்தக் காலைப் பற்றிப் பேச்சில்லை.
பன்றியைப் பற்றித்தான் பேச்சு.
காலும்பாங் செம்பனைக்குள் திரியும் ஆண் பன்றி,
கன்றுகளைப் பெயர்த்துக் குருத்தைத் தின்று
மானேஜரையே போன் போட வைத்த பன்றி,
நூற்றிருபது கிலோ.
அடுத்த வாய்க்கு நூற்று முப்பது.

தொண்ணூற்றாறு கிலோவைத் தூக்குமா என்று கேட்டேன்.
"அது என்ன கணக்கு?"
இவர்தான். போன அக்டோபரில்.

அன்றைக்கும் ஒரு வண்டி இருந்தது, இரவல்.
பட்டனைத் தொட்டால் கிளம்பும் புது வண்டி.
ஓடையில் இறங்கி நனைந்த பிறகு
டிக் என்றது. டிக் என்றது. அவ்வளவுதான்.
பன்றி அதன்மேல் கட்டியபடி கிடக்க
மனுஷனை உரச் சாக்கில் போட்டு
இரண்டு மூங்கில் செருகி
ஆறு மணி நேரம் தூக்கி வந்தார்கள்.
செந்தூலில் எட்டாவது மாடியில் நான்
போனைச் சார்ஜில் போட்டேன். எடுத்தேன். போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
படத்தில் எலும்பு தெரியும்,
யார் புருஷன் என்று தெரியாது.
அன்று விடியலில் எனக்குத் தெரிந்தது.

"பேட்டரி செத்தால் என்ன செய்வீங்க?"
மூன்று வேட்டைக்காரர்களும் வின்ச்சைப் பார்த்தார்கள்.
லியூ என்னைப் பார்த்தான்.
உள்ளே போய் ஒரு தார்ப்பாயை உருவினான்.

வெயில் தின்ற பச்சை.
தூண்டில் நரம்பால் தைத்த சீட்டு.
சங்கிலி கிடையாது, தண்டு.
சேறு பிடித்துக் கடிக்க எதுவுமில்லை என்றான் மலாயில்.
பக்கவாட்டில், கறுத்துப்போய்,
இழுத்துக் கிளப்ப ஒரு கயிறு.

"நாற்பதுக்கு மேல ஓடாதே" என்றார் பத்துமலை.
பன்றியைத் துரத்திப் பிடிக்கவா போகிறீர்கள்,
லைசென்ஸ் துப்பாக்கி எதற்கு?

"படுங்க" என்றேன் இவரை.
"எங்க?"
"பின்னால, கேரியர்ல."

படுத்தார்.
ஒரு பக்கம் தலை தொங்கியது,
மறுபக்கம் கம்பி வைத்த கால்.
சகுனம் சரியில்லை என்று லியூ கையை உதறினான்.
சவரிமுத்து தெருவில் போகிற லோரிகளை
எண்ணத் தொடங்கினார்.

முதல் இழுப்பில் என் தோள் கழன்றது.
இரண்டாவதில் வண்டி இருமியது.
மூன்றாவதில் பிடித்தது.
பட்டறை முழுக்கப் புகை.
இவர் தொந்தி குலுங்கியது, பல் கிடுகிடுத்தது,
கீழே விழவில்லை.

எட்டாயிரம் வெள்ளி என்றான்.
ஆறரை என்றேன்.
உன் கடை உனக்கே வேண்டாமா என்பது போல்
பத்துமலை என்னைப் பார்த்தார்.
ஏழுக்கு வந்தது.

அணைத்தேன்.
"எறங்கட்டுமா?"
"இருங்க.
சூட்டுல எந்த வண்டியும் எடுக்கும்.
ஆறட்டும்."

கொப்பி ஓ வந்தது, ஐந்து பொட்டலம், உறிஞ்சுகுழல் போட்டு.
படுத்தபடியே ஒன்றை வாங்கிக்கொண்டார்.
என்ஜின் டொக் டொக்கென்று சுருங்கிக் குளிரும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு நின்றோம்,
கயிறு என் கையில்.