கவிச்சி

ஒரு கிலோ இறால் உரித்தால் பதினெட்டு ரூபாய்.
ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்
யாருடையவோ போலிருக்கும்.
விடிகாலை ஐந்தரைக்கு ஷெட்டில் உட்கார்ந்தால்
பத்துமணிக்கெல்லாம் மாரில் பால் கட்டிவிடும்.
எதிரே தலை கிள்ளிக்கொண்டிருக்கும் தேசம்மா
நனைந்த என் சட்டையைப் பார்த்துச் சொல்வாள்:
"தோ, உம்புள்ள முழிச்சிக்கினான்."

முழித்திருப்பாய்.
ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடி நடையில்
நாகூரம்மா அண்ணி உன்னைத் தோளில் போட்டு
நடந்துகொண்டிருப்பாள்.
உனக்கும் எனக்கும் நடுவே எண்ணூர் சாலை,
அதில் நேற்றிரவிலிருந்து நகராத கண்டெய்னர் லாரிகள்.
துறைமுகம் கதவு திறக்கும்வரை
அவை அங்கேதான் தூங்கும், அங்கேதான் பல் தேய்க்கும்.
இரண்டு லாரிக்கு நடுவே ஒருக்களித்துப் புகுந்து
முழங்கையால் மாரை அழுத்திக்கொண்டு ஓடுவேன்.
ஒரு கிளீனர் பையன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
நின்று திட்ட நேரமில்லை.

நான் படியேறும்போதே நீ அழுகையை நிறுத்துவாயாம்.
செருப்புச் சத்தம் தெரியுது பார், என்பாள் அண்ணி.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தடுப்பூசி போட்ட நர்சம்மா நல்லவள்.
மூக்கைச் சுளிக்கவில்லை.
எழுந்துபோய் ஜன்னலை மட்டும் திறந்தாள்.
திறந்த ஜன்னல் வழியாக
மணலியிலிருந்து கேஸ் நாற்றம் வந்தது.
அதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் எலுமிச்சை சோப்பு வாங்கினேன்,
கூடவே ஒரு டப்பா ரோஸ் பவுடர்.
லாரித் தண்ணீரில் மூன்று குடம்,
மூன்றையும் எனக்கே ஊற்றிக்கொண்டேன்.
நகக்கண், முழங்கை, காதுமடல்,
இறால் கொம்பு குத்திய ஓட்டையெல்லாம் தேய்த்தேன்.
சினிமாவில் வரும் அம்மா மாதிரி
மெத்தென்று உட்கார்ந்து உன்னை எடுத்தேன்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

மறுபடி வைத்தேன். மறுபடி திருப்பினாய்.
வரவே கூடாத வீட்டுக்கு வந்த
விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து
ஆறடிக்கு அப்பால் நின்ற அண்ணியிடம் கை நீட்டினாய்.
எட்டு மணிக்கு இல்லை. பத்து மணிக்கு இல்லை.
மார் கருங்கல்லாக இறுகி
அக்குள்வரை நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது.
வெந்நீர்த் துணி ஒத்தி டம்ளரில் பீய்ச்சினேன்.
கண்ட இடத்துல ஊத்தாத,
கால் படாத எடமா பாத்து ஊத்து, என்றாள் அண்ணி.
பத்துக்குப் பத்து வீட்டில், ஐந்து பேருக்கு நடுவில்,
கால் படாத இடம் எது?
காக்காய்க்குச் சோறு வைக்கும் ஜன்னல் விளிம்பில் ஊற்றினேன்.

இரவு இரண்டு மணி இருக்கும்.
நீ அழுது அழுது தொண்டை கட்டி
பூனைக்குட்டிச் சத்தம் போட்டாய்.
நடையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது
கொடியில் என் வேலைச் சட்டை தொங்கியது.
உன் அப்பாவின் பழைய சட்டை,
புடவைக்கு மேல் நான் போட்டுக்கொள்வது,
கழுத்துப் பட்டையில் காய்ந்த இறால் மீசையோடு.
அதைத் தாண்டும்போது அழுகை நின்றது.
தாண்டியதும் தொடங்கியது.
திரும்பி வந்தேன். நின்றது.
கழுத்து நின்று ஒரு மாதமான பிள்ளை
கழுத்தை எக்கி எக்கி அந்தச் சட்டையைத் தேடினாய்.

சோப்பு வாசத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு
நடையிலேயே சுவரோரம் உட்கார்ந்தேன்.
ஒரே கவ்வு.
முதுகுத்தண்டில் சுரீரென்று இறங்கியது.
பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.
மறுபக்கம் தானாகப் பீறிட்டு
உன் காதுக்குள் ஓடியது. நீ கண்டுகொள்ளவில்லை.
குனிந்து உன் உச்சியை முகர்ந்தேன்.
பால் கவிச்சி.
என் கவிச்சிக்கு ரொம்ப தூரத்துச் சொந்தமில்லை.

அந்த எலுமிச்சை சோப்பில் இப்போது உன் அப்பா குளிக்கிறார்.
எட்டு நாள் லாஞ்சில் கிடந்து கரையேறி
நறநறவென்று தேய்த்துக் குளித்துவிட்டு
உன்னைத் தூக்குகிறார்.
"இன்னாடி இவன், என்னப் பாத்தாலே கத்துறான்?"

நான் இன்னும் சொல்லவில்லை.