அறுபது வரை

தம்பலகாமத்துப் பெரும்போகம் அரிசியாகி
மூட்டைகள் கூரையை முட்டிய மாதம்.
அஜ்வத் முதலாளியின் களஞ்சியத்துப் பின்னறையில்
எனக்கு ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி,
கழுவிய ஜாம் போத்தல் முப்பது.

போத்தலுக்கு இருபது வண்டு.
மூடியின் உட்புறம் ஒட்டிய கடதாசி வட்டத்தில்
கராம்பெண்ணெய் இரண்டு துளி,
சிலதில் கறுவா, சிலதில் வேம்பு.
ஆறு போத்தலுக்கு ஒன்றுமே இல்லை.
அந்த ஆறிலும்தான்
அரிசி துளைபடும் சத்தம் கேட்கிறதென்றால்
ரிஸ்மியா சிரிக்கிறாள்.

வண்டு பொய் சொல்லும்.
தொட்டதும் காலை மடக்கி
எள்ளாய்ச் சுருண்டு செத்துக் கிடக்கும்.
தூரிகை நுனியால் வயிற்றைத் தடவி
அறுபது வரை எண்ண வேண்டும்.
ஐம்பத்தெட்டில் ஒரு கால் நீளும்.
'இறந்தவை' நிரலில் இட்ட கோட்டை
அழித்துவிட்டு அடுத்ததைத் தொடுவேன்.

முதலாளிக்கு வில்லையில்தான் நம்பிக்கை.
இடுக்கில் செருகி, படங்கு போர்த்து,
ஐந்து நாள் கதவைப் பூட்டினால்
வண்டும் இல்லை, எலியும் இல்லை,
தவராசனும் இல்லை.
காவல்காரன் அந்த ஐந்து இரவும்
லொறிக்கடியில் சாக்கு விரித்துக்
குடாவின் நுளம்போடு படுப்பான்.
ஒருக்கா நாளைப் பிழையாக எண்ணி
நாலாம் இரவே உள்ளே போய்விட்டான்.
அதைப்பற்றி அவன் கதைப்பதில்லை.
இருமல் கதைக்கும்.

இம்முறை பாதிக் களஞ்சியம் எனக்கு.
கராம்பு தோய்த்த பஞ்சுப் பொட்டலம்
மூட்டைக்கு ஒன்று.
தவராசன் உள்ளேயே படுத்தான்.
விடிய வீட்டுக்குப் போனவனை மோந்து
"பல்லுக்கொதியோ?" என்றாளாம் மனைவி.

முதற் கிழமை, பத்தில் ஒன்பது செத்தது.
மூன்றாங் கிழமை
வாசம் கூரைத்தகட்டு இடுக்கால் போய்விட்டது,
வண்டு அதே வழியால் வந்துவிட்டது.
கிண்ணியாக் கடைக்காரர்
சோறு பல்வைத்தியரின் அறைபோல் மணக்கிறதென்று
எட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.
முதலாளி கணக்குக் கொப்பியை விரித்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

அறிக்கை எழுதுகிறேன்.
மணம் நிலைப்பதில்லை. செலவு கூட.
மூடி இறுகிய சிறு பாத்திரத்துக்கு உகந்தது.
தவராசன் இருபத்தொரு இரவு
கூரைக்குக் கீழே தூங்கினான் என்பதை
எந்த நிரலில் போடுவது?

நேற்று எண்ணி ஒதுக்கியவற்றில் ஒன்று
மேசையில் என் பேனாவின் நிழலைக் கடக்கிறது.
அறுபத்தொன்றில் எழும்பியிருக்கும்.