அதிராணி

குரங்கணியில் விடிகாலை.
கோவேறு கழுதையின் வலப்பக்கம் வாக்கு எந்திரம்,
இடப்பக்கம் மை, அரக்கு, நூல், ஒரு கட்டுப் படிவம்.
எடை நிற்கவில்லையென்று
என் சோற்றுத் தூக்கையும் இடப்பக்கம் கட்டினார் சன்னாசி.

பங்குனிக் கடைசி.
அடிவாரத்தில் இலை உதிர்த்த புரசு
கிளிமூக்காய்ப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்தது.
அதற்கு மேலே கொன்றை.
மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம்
பேர் தெரியாத ஏதோ ஒரு வெள்ளை,
குண்டூசித் தலை அளவு.

மூன்றாம் வளைவில் சன்னாசி
கழுதைக்கு வாய்க்கூடு மாட்டினார்.
"செவப்பா கெடக்கு பாருங்க சார், காட்டுப் பூவரசு.
கடிச்சா சுருண்டுரும்."
அவ்வளவு சிவப்பின் நடுவே
வாய் கட்டிய ஒரு ஜீவன்,
முதுகில் நாற்பத்து மூன்று பேரின் தேர்தல்.

பூவுக்கு எல்லை தெரியாது என்று
பள்ளி ஆண்டு மலரில் ஒரு கவிதை உண்டு.
எழுதியது நான்தான்.
முகட்டில் நின்று பார்த்தேன்:
கிழக்கே வெந்த பாறையில் மஞ்சள்,
மேற்கே ஈரச் சரிவில் இளஊதா.
அதற்கு நன்றாகவே தெரிகிறது.
கைப்பேசிதான் குழம்பியது.
கேரளம் வரவேற்றது;
பத்தடி நடந்ததும் தமிழ்நாடு வரவேற்றது.

மறுநாள்,
வரிசை எண் முப்பத்தொன்று, ரெஜினா,
தகப்பன் பெயர் அந்தோணிச்சாமி, முதல் ஓட்டு.
நீட்டிய விரல் முன்பே ஊதா.
"போட்ட விரல் சார் இது!"
முகவர் எழுந்துவிட்டார்.
அவள் நாக்கை நீட்டினாள்.
அதுவும் ஊதா.
"வர்ற வழியில அதிராணிப் பழம்.
எங்கம்மா சொல்ற பேரு. அம்மா அந்தப் பக்கம்."
அதிரு என்றால் அங்கே எல்லை.

ஆட்சேபித்த ஓட்டுக்குப் படிவம் இருக்கிறது.
பழத்துக்கு இல்லை.
என் பாட்டில் தண்ணீரை ஊற்றி
அந்த விரலை நானே தேய்த்தேன்.
சாயம் விட்டது. முகவர் உட்கார்ந்தார்.
அரசாங்க மையை அதே இடத்தில் வைத்தேன்.

இறங்கும்போது
சிவப்பு மரங்கள் தீர்ந்த இடத்தில்
வாய்க்கூட்டை அவிழ்த்தார் சன்னாசி.
கழுதை முதலில் கடித்தது தும்பைச் செடியை,
பூவோடு, வேரோடு.

தபாலில் ஓட்டுப் போட்டவன் நான்,
எனக்கு மை கிடையாது.
வீட்டுக்கு வந்ததும் மகன்
என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தான்.
"என்னப்பா இது?"

கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.
கழுவவில்லை.