நிலோஃபர் கேட்ட வழி

சத்தமில்லாத வழி கேட்டாய்,
எட்டு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாய்
பீப் அடித்து ஓய்ந்த பிறகு
கையுறையைக் கழற்றியபடி.
எழுதித் தருகிறேன் என்றேன்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் போதவில்லை.

லீவு நாளில் நாலே முக்காலுக்குக் கிளம்பு.
மேடவாக்கம் கூட்ரோட்டில்
மெட்ரோ தூண்களைச் சுற்றித் தகரம்.
தண்ணி லாரி அந்நேரமே ஓடும்.
டிரைவருக்கு உன்னைத் தெரியாது,
உன் பின்விளக்கைத்தான் தெரியும்.
பேட்டரி பார்த்துக்கொள்.

வேங்கைவாசலில் ஏரிக்கரை.
பேரில்தான் வேங்கை;
நான் பார்த்தவரை புலியும் இல்லை, மரமும் இல்லை.
இருப்பது மூன்று நாய்கள்.
கறுப்பு குரைக்கும், வராது.
செவலை குரைக்காது, வரும்.
மூன்றாவது தூங்கும்.
இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டு
உருட்டிக்கொண்டு நட.
நாலாம் நாள் பழகிவிடும் என்பார்கள்.
எனக்குப் பதினோரு நாள்.

சித்தாலப்பாக்கம் தாண்டினால்
பாதி ஷட்டர் தூக்கிய டீக்கடை.
நிற்காதே.
பெஞ்சில் இருப்பவர்களிடம் மூன்று கேள்விகள்:
தனியாவா, எங்க, எதுக்கு.
மூன்றுக்கும் பதில் பெடல்.

ஒட்டியம்பாக்கம் பக்கம் ரோடு சிறுக்கும்.
காடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே.
இடுப்புயரக் காரை, சூரை, கிளுவை.
நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன
குடைபோல் ஒற்றைப் பனை.
ஆனாலும் காடுதான்.
முட்டிக்கு முதலில் தெரியும், அங்கே குளிர் வேறு.
பழைய கல்குவாரியில் தண்ணீர் பச்சையாக நிற்கும்.
பார், இறங்காதே.
ஆழம் எழுதிய பலகையை
யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் நீ கேட்டது.
இரண்டு ஏரிக்கு நடுவே
ஒன்றரை கிலோமீட்டர்.
அங்கேயும் சத்தம் உண்டு, ஏமாறாதே.
சம்புக்குள் தாழைக்கோழி இருமும்.
செயின் நாலு சுற்றுக்கு ஒருமுறை
டிக் என்னும்.
முதல் தடவை அதைக் கேட்டபோது
என் கை தானாகப் போனது,
அலாரத்தை அணைக்க.

இறங்கி நின்றுவிட்டேன்.
ஏழாம் படுக்கை தயாநிதியை
உனக்கு நினைவிருக்கும், ஷேர் ஆட்டோ.
குழாயில் தன் ரத்தம் போய்த் திரும்புவதையே
நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பான்.
"ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடும் சிஸ்டர்?
மீட்டர் போட்டா கட்டுப்படி ஆகுமா?"
கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.
குழாயின் நீளம்கூட அளந்துவைத்தேன்.
வியாழக்கிழமை அந்தப் படுக்கையில்
வேறு பெயர்.

என் சைக்கிளில் மீட்டர் இருக்கிறது.
போய்வர நாற்பத்திரண்டு.

பொன்மார், மாம்பாக்கம், கொளப்பாக்கம்.
பெயர்ப் பலகைகளில் போஸ்டர் ஒட்டியிருக்கும்,
பெயர் தேடாதே, ரோட்டோடு போ.
வண்டலூரில் உயிரியல் பூங்கா மதிலோரம்
ஆறேகால் வாக்கில்
மேடேற முடியாத லாரி ஒன்று உறுமும்.
லாரி இல்லை.
நான் பிரேக் பிடித்துக்
கால் ஊன்றி நின்று கேட்டேன்.
எதிரே வந்த பால்காரர்
"தினமும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்துவிட்டால்
என்னைக் கேட்காமல் கிளம்பாதே.
இரண்டு ஏரியும் ரோட்டுக்கு மேல் கலந்துவிடும்.
போன வருஷம் முழங்கால் தண்ணீரில்
உருட்டிக்கொண்டு போனேன்.
ஒரு கெண்டைக்குஞ்சு
ஸ்போக்குக்குள் நுழைந்து
அந்தப் பக்கம் போயிற்று, அவ்வளவு சாதாரணமாக.
இந்த வருஷம் கரையில் மஞ்சள் கல் நட்டு
'ஏரி பார்த்த மனைகள்' என்று பேனர்.
அந்தக் கெண்டைக்கும் போட்டுக் காட்டியிருக்கலாம்.

ஸ்பேர் டியூப் எடுத்துக்கொள்.
விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும்,
நான் இதுவரை ஊதியதில்லை,
இருக்கட்டும்.
எதிரே சைக்கிளில் யாராவது வந்தால்
தூரத்திலேயே பெல் அடிப்பார்கள்.
நீயும் அடி.
பேச வேண்டியதில்லை.

அப்புறம், போன வாரம்
என் வண்டி டிக்டிக் என்கிறதே,
எண்ணெய் விடக் கூடாதா என்றாய்.
டப்பா வாங்கி மூன்று மாதம் ஆகிறது.
இன்னும் திறக்கவில்லை.