பன்னிரண்டு மீட்டர் காற்றுக்கு எத்தனை கிராம்

தாலின் விமான நிலையத்தில்
சவப்பெட்டியைவிடச் சற்றே ஒல்லியான என் பெட்டியைத் தட்டி
"உள்ளே என்ன?" என்றார் அதிகாரி.
"இறக்கை."
"யாருடையது?"
ஒரு நொடி திகைத்துப்போனேன்.
என்னுடையதுதான், கார்பன் துணியும் பிசினும் சேர்த்து
பிப்ரவரி முழுக்க
ஊராருக்குப் பொய்ப்பல் வார்க்கும் அதே மேசையில்
நானே வார்த்தது என்றேன்.

இறக்கையை விட்டுவிட்டார்.
பித்தளை உருளைகளைப் பிடித்துக்கொண்டார்.
எட்டு உருளை, விரல் நீளம், விரல் பருமன்.
திரையில் அவை தோட்டாக்களாகவே தெரிந்தன, எனக்கும்.
"இவ்வளவு எடை எதற்கு, பறப்பதற்கா?"
ஆமாம் ஐயா,
காற்று முரடாகிற நாளில்
லேசானது இருந்த இடத்திலேயே நின்று நடுங்கும்.
அவர் சிரிக்கவில்லை. ரசீது எழுதினார்.

ஜட்லாந்தின் மேற்குக் கரை.
மணல்மேட்டு விளிம்பில் நாற்பத்தாறு பேர்
முதல் நாள் முழுக்கக் கடலைப் பார்த்து நின்றோம்.
கொடித்துணி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
பவேரியாக்காரர் ஒருவர் தன் விமானத்தின் வாலைப்
பதினோராம் முறை துடைத்தார்.
போட்டியை நடத்தும் ப்ரெபென்
அரை மணிக்கொரு தரம் காற்றுமானியை உயர்த்துவார், பார்ப்பார்,
பையில் போட்டுக்கொள்வார்,
கடன் கொடுத்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்புவதுபோல.

இரண்டாம் நாளும் அப்படியே.
பொரித்த மீன் தின்றோம்.
ஆறு பாஷையில் காற்றைத் திட்டினார்கள்.
எங்கள் எஸ்தோனிய பாஷையில் காற்றுக்குத் 'தூல்' என்று பேர்.
உதட்டைக் குவித்தால் போதும், பாதி வந்துவிடும்.
நான் அந்தச் சொல்லை வாயிலேயே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் விடியலில்
வேன் கதவை யாரோ பிடுங்குவதுபோல் இருந்தது.
மேல்காற்று!
வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர், ஒன்பது மணிக்குப் பதினாறு.
புல்லெல்லாம் ஒரே பக்கம் படுத்துக்கொண்டது,
பல்லிடுக்கில் மணல் நறநறத்தது.
அவரவர் அட்டவணையைப் பார்த்து, கிராம் கிராமாய்,
நகைக்கடைக்காரர்களின் முகத்தோடு
எடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
என் இறக்கைக் குழாய் மட்டும் வெறும் குழாய்.

டோவே வந்தாள்.
போன வருஷம் வினாடியில் பத்தில் இரண்டு பங்கில்
என்னைப் பின்னால் தள்ளியவள்,
இங்கேயே பத்து மைல் தள்ளிப் பன்றி வளர்ப்பவள்.
தன் பழைய விமானத்தின் ஈயத் துண்டுகளை நீட்டினாள்.
என் குழாய்க்கு அவை மெலிவு. லொடலொடத்தன.
சட்டைப்பையில் ஒட்டுநாடா வைத்திருந்தாள்,
குட்டியின் காலுக்குக் கட்டு போட வாங்கியதாம்.
பல்லால் கடித்துக் கடித்து அறுத்து
ஒவ்வொன்றுக்கும் அவளே சுற்றினாள்.
"ஜெயித்தாயானால் திட்டுவேன்" என்றாள்.

எறிந்தது ஊர்மஸ்.
அவன் கையிலிருந்து காற்று அதை வாங்கிக்கொண்டது.
உயரம் தேட முப்பது வினாடி,
பிறகு நூறு மீட்டர், திரும்பு, நூறு மீட்டர், திரும்பு.
கொம்பு ஒலிக்கும்வரை திரும்பக் கூடாது,
ஒலித்தபின் நிற்கவும் கூடாது.
அந்த இடுக்கில்தான் இருந்தது
என் ஒரு வருஷச் சேமிப்பு.
கோடித்துணி கிழிபடும் ஓசையோடு
அது என் முகத்துக்கு முன்னால் போனது, வந்தது, போனது.

ஆறாம் திருப்பத்தில்
குறுக்கே வந்தது ஒரு கடற்காகம்.
ரசீதும் இல்லை, ஈயமும் இல்லை,
முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு
அதே காற்றில் சும்மா கிடந்தது.
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல்
அகலமாகத் திரும்பியது.
ஊர்மஸ் பல்லைக் கடித்தது
அத்தனை காற்றிலும் கேட்டது.

முப்பத்தொன்பது வினாடி நாலு.
டோவே முப்பத்தெட்டு எட்டு.
ஒன்றும் சொல்லாமல் பாதி ஆப்பிளைக் கொடுத்தாள்.
மொத்தத்தில் நான் பத்தொன்பதாவது.

நாடா ஈரத்தில் ஊறிக்
குழாய்க்குள் ஈயம் இறுகிவிட்டது.
தட்டினோம், குலுக்கினோம், வரவில்லை.
"இருக்கட்டும், அடுத்த வருஷம்" என்று
பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள்.
திரும்பும்போது பில்லுண்டில்
யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை யாருடையதோ
கடைவாய்ப்பல் அச்சில்
ஒரு மணல் துகள்.
உதட்டைக் குவித்து ஊதினேன்.
போகவில்லை.